கடலுக்குக் கதியால் நட்ட காலம்

ஐக்கிய நாடுகள் சபையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை எண்ணுவது. 1967இல் இலங்கையின் நியூயோர்க் தூதரகத்துக்கு மூன்றாம் செயலாளராகப் போனபோது, பேச்சு எழுதத் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். கோடு போட்ட ஒரு கொப்பியையும் பென்சிலையும் தந்தார்கள். கொப்பியின் இடது ஓரத்தில் உறுப்பு நாடுகளின் பெயர்கள். எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, ஒதுங்கல். என் மேலதிகாரியும் யாழ்ப்பாணத்தார்தான். அவர் பென்சிலை வாங்கி நாலாவதாக ஒரு கட்டம் கீறி, அதன் தலையில் ‘பார்ப்போம்’ என்று எழுதினார். “தம்பி, உமக்குச் சம்பளம் தருவது இந்தக் கட்டத்துக்குத்தான்” என்றார்.

ஏறத்தாழ முப்பது வருடம் அந்தக் கட்டத்தோடு காலம் தள்ளினேன். மூன்றாம் உலக ஒற்றுமை, அணிசேரா நாடுகளின் தோழமை என்ற சொற்களை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நான் கண்ட ஒற்றுமை அந்த நாலாவது கட்டத்தில்தான் உண்டானது, அங்கேயேதான் உடைந்தும் போனது. கடல் சட்டத்தின் கதையை வைத்து அதைச் சொல்கிறேன். அதிக வருடம் நான் உட்கார்ந்திருந்தது அந்த அறைகளில்தான்.

என் அப்பா பருத்தித்துறையில் நொத்தாரிசு. வீட்டு விறாந்தையில் இருந்துதான் காணி உறுதி எழுதுவார். வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னாருடைய காணி என்று நாலு பக்கமும் அவர் வாய்விட்டுச் சொல்லி எழுதுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பாதி வழக்கு வேலியில் தொடங்கும். வேலி அடைக்கிற நேரம் ஒரு கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டிருக்கும். இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போகும். அந்தப் பழக்கத்தோடுதான் 1967 நவம்பர் 1ஆம் திகதி பொதுச்சபையின் முதலாம் குழு மண்டபத்தில் குறிப்பெடுக்கப் போய் உட்கார்ந்தேன்.

பேசியவர் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ. மால்டா சுதந்திரம் பெற்று அப்போது மூன்று வருடம். காலையில் தொடங்கிய பேச்சு மதிய இடைவேளை கழிந்தும் முடியவில்லை. ஆழ்கடலின் அடியில் நிக்கலும் செப்பும் கோபால்ட்டும் கலந்த மங்கனீஸ் முடிச்சுகள் உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டது போலக் கிடக்கின்றன என்பது விஷயத்தின் ஒரு பாதி. மறு பாதிதான் எனக்கு உறைத்தது. 1958ஆம் ஆண்டின் கண்டமேடை உடன்படிக்கை, கரைநாட்டின் உரிமையை 200 மீற்றர் ஆழம் வரை என்று சொல்லிவிட்டு, அதற்கு அப்பாலும் தோண்டி எடுக்க முடிந்த ஆழம் வரை என்று ஒரு வால் சேர்த்திருந்தது. யாருடைய இயந்திரம் ஆழமாகப் போகிறதோ அவருடைய வேலி அவ்வளவு தூரம் நகரும். கதியாலைத் தள்ளி நடுவதற்கு உறுதியிலேயே இடம் விட்டு எழுதியிருந்தார்கள்.

தேச எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடற்படுக்கை மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான பரம்பரைச் சொத்தாக வேண்டும் என்பதுதான் பார்டோ முன்வைத்த கருத்து. கொழும்புக்கு அனுப்ப நான் எழுதிய ஆங்கில அறிக்கையின் கைப்பிரதி ஓரத்தில் தமிழில் ஒரே ஒரு சொல் எழுதினேன்: முதுசொம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் தேடிய தேட்டம் ஒரு வகை, முதுசொம் இன்னொரு வகை. முதுசொக் காணியை உரிமைப் பங்காளிக்குத் தெரிவிக்காமல் வெளியாளுக்கு விற்க முடியாது. கடலின் அடி முதுசொம் என்று ஏற்றுக்கொண்டால், எங்களைக் கேட்காமல் எவரும் அதில் கை வைக்க முடியாது. இயந்திரமும் பணமும் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு சொல்லே ஆயுதம்.

அன்று பின்னேரம் பிரதிநிதிகள் ஓய்வறையில் கோப்பியோடு நின்றவர்கள் கேட்ட கேள்வி வேறு. இந்தப் பேச்சை மால்டாவுக்கு யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? சின்ன நாட்டுக்குச் சொந்தமாக ஒரு யோசனை வரும் என்று யாரும் நம்புவதில்லை. பின்னால் நாங்களும் எத்தனையோ முறை இந்தச் சந்தேகத்துக்கு ஆளானோம். ஒரே ஒரு மருந்துதான் உண்டு: அதே யோசனையை வேறு ஐந்து சின்ன நாடுகள் தங்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் 35 நாடுகள் கொண்ட கடற்படுக்கைக் குழு ஒன்று கூடியது. எங்கள் தூதர் ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க அதன் தலைவரானார். 42 நாடுகளாகி, 86 ஆகி, 1971இல் 91 நாடுகளாகக் குழு வளர்ந்தபோதும் அவரே தலைவர். எண்ணெய்க் கம்பனியோ அணுசக்தி நீர்மூழ்கியோ இல்லாத, இரண்டு முகாமிலும் சேராத ஒரு நாட்டுக்காரரைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. சின்ன நாடு தலைமை நாற்காலிக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

கூட்டத்தொடர் காலத்தில் பொதுச்சபையில் அன்றிருந்த ஏழு முதன்மைக் குழுக்களும் ஒரே நேரத்தில் கூடும். எங்கள் தூதரகத்து அதிகாரிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எங்களைவிடச் சின்ன நாடுகளில் தூதர் ஒருவர், செயலாளர் ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர் என்று மூன்று பேரோடு அலுவலகம் முடிந்துவிடும். ஆகவே கதிரை பார்த்துக்கொள்வது என்று ஒரு வழக்கம் எங்களுக்குள் இருந்தது. நான் ஐந்தாம் குழுவுக்கு ஓடினால் பக்கத்துக் கதிரைக்காரர் எனக்கும் சேர்த்துக் குறிப்பெடுப்பார். அவர் வேறெங்கோ போனால் நான் எடுப்பேன். பின்னேரம் காகிதங்களை மாற்றிக்கொள்வோம். அவருடைய தலைநகரத்துக்குப் போன அறிக்கையில் என் வசனங்களும் என்னுடையதில் அவர் வசனங்களும் இருந்தன. ஒரு நாட்டிடம் நல்ல சட்ட வல்லுநர் இருந்தால் அவர் நாலு நாட்டுக்கு வல்லுநர். ஒப்பந்தமும் கையெழுத்தும் இல்லாமல் நடந்த இந்தக் கைமாற்றுக் கடன்தான் நான் அறிந்த ஒற்றுமை.

1969 டிசம்பர் 15ஆம் திகதி வாக்கெடுப்பை என்னால் மறக்க முடியாது. கடற்படுக்கைக்கு ஒரு சர்வதேச ஒழுங்கு வரும்வரை எவரும் அங்கே சுரண்டக் கூடாது என்ற தீர்மானம். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்தே எதிர்த்தன. வியட்நாமில் எதிரெதிரே நின்றவர்களுக்குக் கடலில் ஒரே கவலை: தங்கள் கடற்படையும் கப்பல்களும் போகிற வழியில் எவரும் கை வைக்கக் கூடாது. என் கொப்பியில் ‘பார்ப்போம்’ கட்டம் நிறைந்து வழிந்தது. முடிவு: ஆம் 62, இல்லை 28, ஒதுங்கல் 28. என் கணக்குப் பிழைத்திருந்தது. உறுதியாக ‘ஆம்’ என்று நான் குறித்திருந்த ஒரு தீவு நாட்டின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. பின்னேரம் அந்தப் பிரதிநிதியைப் பிடித்துக் கேட்டேன். வாக்கு மாறவில்லையாம், அதே நேரம் வேறொரு குழுவில் தன் நாட்டின் விஷயம் வந்துவிட்டதாம், போக வேறு ஆள் இல்லையாம். அன்றிலிருந்து கொப்பியில் ஐந்தாவது கட்டம் ஒன்று கீறிக்கொண்டேன்: ‘ஆள் இருப்பாரா?’

பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எந்த நாட்டிலிருந்து தொடங்குவது என்று சீட்டு எடுப்பார்கள். பிறகு ஆங்கில அகரவரிசை. நாங்கள் சிலோனாக இருந்தவரை ‘சி’ வரிசை. பல வேளைகளில் முன்னமே வாயைத் திறக்க வேண்டும். தலைநகரத்திலிருந்து அறிவுறுத்தல் வராத நாடுகள் எங்கள் வாயைப் பார்த்து வாக்களித்ததும் உண்டு. 1972 மே மாதம் குடியரசாகிப் பெயர் ஸ்ரீலங்கா ஆனதும் ‘எஸ்’ வரிசைக்குப் போனோம். அதன் பிறகு மற்றவர்களின் வாயைப் பார்க்கிற வசதி பல வேளைகளில் எங்களுக்கு. சின்ன நாட்டுக்கு அது சொகுசு. ஆனால் முன்னே சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் பின்னே சொல்லவும் ஆள் இருக்காது.

1971இல் கொழும்பில் வெளிநாட்டமைச்சுக் கந்தோரில் வேலை. ஜனவரியில் ஆசிய ஆபிரிக்க சட்ட ஆலோசனைக் குழு கொழும்பில் கூடியது. கரையிலிருந்து பன்னிரண்டு மைல் ஆள்புலக் கடல், அதற்கு அப்பால் நெடுந்தூரத்துக்குப் பொருளாதார உரிமை மட்டும் என்ற எண்ணத்தைக் கென்யாவின் ஃபிராங்க் என்ஜெங்கா அங்கேதான் முதலில் வைத்தார். மீனும் கனிமமும் கரைநாட்டுக்கு. கப்பல் போகிற சுதந்திரம் எல்லோருக்கும். மறு வருடம் லாகோஸ் கூட்டத்தில் அது இன்னும் உருப்பெற்றது. இன்று உலகம் முழுக்க வழக்கிலுள்ள 200 மைல் பிரத்தியேகப் பொருளாதார வலயத்தின் வேர்களில் ஒன்று அது. சுதந்திரம் பெற்று எட்டு வருடமும் ஆகாத நாட்டின் ஒரு சட்டத்தரணி கொழும்பில் நட்ட கதியால் தளிர்த்து மரமானது.

எல்லாக் கதியாலும் தளிர்க்கவில்லை. அதே 1971 டிசம்பரில் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானத்தை இலங்கையும் தன்சானியாவும் முன்னெடுத்தன. முடிவு தந்தியில் வந்தது: ஆம் 61, இல்லை ஒன்றுமில்லை, ஒதுங்கல் 55. கந்தோரில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். எதிர்ப்பில்லாத வெற்றி என்று பத்திரிகைகளுக்குச் சொன்னோம். எனக்கு அந்த 55தான் உறுத்தியது. கடலில் கப்பல் வைத்திருந்த வல்லரசுகள் அந்த 55க்குள் இருந்தன. எதிர்க்கக்கூடத் தேவையில்லை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மொரீஷியஸ் சுதந்திரமடையும் முன்பே, 1965இல், சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்தானியா வெட்டி எடுத்திருந்தது. அங்குள்ள டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் எழுந்துகொண்டிருந்தது. தீவு மக்களை அப்புறப்படுத்தும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. அன்று கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்: வாக்கு எண்ணிக்கை வேறு, வலு வேறு.

மூன்றாவது கடல் சட்ட மாநாடு 1973 டிசம்பரில் நியூயோர்க்கில் தொடங்கியது. தலைவர் அமரசிங்க. அடுத்த வருடம் ஜூன் 20ஆம் திகதி வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் பெருங்கூட்டம். என்னைத் தூதுக்குழுவில் சேர்த்திருந்தார்கள். 1958இல் ஜெனீவாவில் கூடியவை 86 நாடுகள். இப்போது நூற்று முப்பதுக்கு மேல், கூடுதலாக வந்தவை பெரும்பாலும் புதியவை. கையைத் தூக்கச் சொன்னால் எங்கள் 77 நாடுகள் குழு எதையும் வென்றுவிடும். அதனால்தான் கையைத் தூக்க வேண்டாம் என்று ஒரு கனவான் உடன்பாடு செய்தார்கள். இணக்கம் காணும் முயற்சி எல்லாம் தீர்ந்த பிறகுதான் வாக்கெடுப்பு. பெரும்பான்மையை வைத்திருந்த நாங்கள் அதற்கு ஏன் ஒப்புக்கொண்டோம் என்று இளையவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு அந்த 55ஐச் சொல்வேன். பெரியவர் கையொப்பமிடாத உறுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம், காணிக்குள் இறங்க முடியாது.

கராகஸில் முதல் வாரங்களிலேயே இரண்டு பாடம் படித்தேன்.

மாநாடு தொடங்கி ஒரு கிழமை அளவில் கொழும்பிலும் புதுடில்லியிலும் இந்திய இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. பாக்கு நீரிணையில் கோடு விழுந்தது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு போட்டார்கள். இரண்டு நாடுகள் சண்டையில்லாமல் எல்லை போட்டதற்கு முன்மாதிரி என்று மாநாட்டில் பலர் வாழ்த்தினார்கள். வாழ்த்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் பருத்தித்துறையில் பிறந்தவனுக்கு அந்தக் கடல் இரண்டு கரைக் கடற்றொழிலாளருக்கும் ஒரே முற்றமாக இருந்தது தெரியும். நாங்கள் மைல் கணக்குப் பேசிய எந்த அறையிலும் ஒரு மீனவரை நான் கண்டதில்லை. அந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் பிறகு நடந்ததை வாசகர் அறிவார்.

இரண்டாவது பாடம், பங்காளிகளுக்குள் வேலிச் சண்டை. 200 மைல் என்றதும் கரையுள்ள நாடுகள் மகிழ்ந்தன. நேபாளத்துக்கும் சாம்பியாவுக்கும் பொலிவியாவுக்கும் அதில் என்ன கிடைக்கும்? சிங்கப்பூருக்குக் கரை உண்டு. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சில மைலில் பக்கத்து நாட்டின் கடல். கரையுள்ளவர்கள் வேலியைத் தள்ளத் தள்ள, பொது முதுசொம் சுருங்கிக்கொண்டே போகும் என்று அவர்கள் சொன்னது முழு உண்மை. நிலத்தால் சூழப்பட்டவையும் புவியியலால் பாதிக்கப்பட்டவையும் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளாக ஓர் அணி சேர்ந்தன. பணக்கார ஒஸ்ட்ரியாவும் ஏழை நேபாளமும் ஒரே மேசையில் இருந்தன. மூன்றில் இரண்டு பங்கு வாக்கைத் தடுக்க அந்த எண்ணிக்கை போதும். முந்தின நாள் வரை எனக்காகக் கதிரை பார்த்துக்கொண்ட நண்பர் ஒருவர் அந்த அணியில் இருந்தார். குறிப்புகளை மாற்றிக்கொள்வது நின்றது. கோப்பி குடிப்பது நிற்கவில்லை. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது கடலுக்குப் போய்வரும் வழியுரிமையும், கரைநாடு பிடித்து மிஞ்சும் மீனில் ஒரு பங்குக்கான வாசகமும். எங்களுடைய ஒற்றுமை அவர்களிடம் வாங்கிய விலை அது. அதை நான் பெருமையாக நினைப்பதில்லை.

இன்னொரு பக்கம், எண்ணிக்கையை நம்பாமல் வேலையை நம்பிய சின்ன நாடு ஒன்றையும் பார்த்தேன். ஃபிஜி 1970இல்தான் சுதந்திரமடைந்தது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ் நாடுகளோடு சேர்ந்து தீவுக்கூட்ட நாடுகளுக்கு உள்நீர் உரிமை கேட்டது. தீவுகளை இணைத்துக் கோடு போட்டால் நடுவிலுள்ள கடல் தங்களுடையதாக வேண்டும். அந்த நீரிணைகள் வழியாக நீர்மூழ்கிகள் போகவேண்டும் என்பது வல்லரசுகளின் பிடிவாதம். ஃபிஜியின் சத்திய நந்தன் பிரித்தானியாவோடு கூட்டாகத் தலைமை தாங்கி ஒரு சிறு தனிக் குழுவை நடத்தினார். முன்னாள் எஜமானும் முன்னாள் குடியேற்ற நாடும் ஒரே மேசையில் வாசகம் வாசகமாகத் தட்டிக்கொட்டி எடுத்ததுதான் இன்றைய நீரிணைப் பயண விதிகளுக்கு அடித்தளம். 1975இல் ஜெனீவா கூட்டத்தின் கடைசி நாளில் குழுத் தலைவர்கள் முதல் ஒற்றை வரைவைக் கொடுத்தபோது இந்தப் பாடம் இன்னும் தெளிவானது. வரைவில் ஏறிவிட்ட வசனத்தை இறக்குவது கஷ்டம். எழுதுகிறவன் கையில்தான் எல்லை.

ஆனால் எழுதுகிற கையே சின்ன நாட்டுக்குப் பலவீனமும் ஆகும். மால்டாவில் 1971இல் ஆட்சி மாறியதும் பார்டோ ஐ.நா. பதவியை இழந்தார். அவர் தொடக்கிய காரியத்தை மற்றவர்கள்தான் நடத்தினார்கள். எங்களுக்கும் அது வந்தது. 1977இல் இலங்கையில் ஆட்சி மாறியது. 1978இல் ஜெனீவாவில் கூடியபோது அமரசிங்க எங்கள் தூதுக்குழுவில் இல்லை. நாட்டின் தூதுக்குழுவில் இல்லாதவர் மாநாட்டுத் தலைவராக இருக்கலாமா என்று சில நாடுகள் தடை எழுப்பின. கூட்டத்தொடரின் முதல் நாட்கள் இதிலேயே போயின. எங்கள் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்க, அந்த நாட்டை உலகறியச் செய்தவருக்காக மற்ற நாடுகள் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. பெரிய நாட்டில் ஒரு வல்லுநர் போனால் பின்னால் பத்துப் பேர் இருப்பார்கள். எங்களிடம் ஒருவர்தான், அவரையும் தேர்தல் கொண்டுபோய்விடும்.

இலங்கைக்கென்று நாங்கள் கேட்டு வாங்கியது ஒன்று உண்டு. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்து மண்ணைக் கோடிக்கணக்கான வருடமாக வங்கக் கடலில் கொட்டுகின்றன. அந்த வண்டல் இலங்கைக்குத் தெற்குவரை பாய் விரித்தது போலப் படிந்திருக்கிறது. எங்கள் கண்டமேடையோ ஒடுங்கியது. 200 மீற்றர் ஆழம் கரைக்குக் கிட்டவே வந்துவிடும். பொதுச் சூத்திரப்படி அளந்தால் எங்கள் கண்ட விளிம்பில் பாதிக்கு மேல் கைநழுவும். வண்டல் ஒரு கிலோமீற்றர் தடிப்பாவது உள்ள இடம் வரை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டோம். ஒரு நாட்டுக்காகச் சட்டத்தில் விலக்குக் கேட்பது பிச்சை கேட்பதற்குக் கிட்ட. புவியியல் படங்களைச் சுருட்டிக்கொண்டு அறை அறையாகப் போனோம். எங்களுக்கு இதில் நட்டமில்லை என்று சொன்ன நாடுகளைவிட, நீங்கள் முன்பு எங்களுக்குச் செய்தீர்கள் என்று சொன்ன நாடுகள்தான் அதிகம். பத்து வருடக் கைமாற்றுக் கடனை அன்று ஒரே தவணையில் திருப்பி வாங்கினோம். 1980 ஓகஸ்ட் 29ஆம் திகதி அந்தப் புரிந்துணர்வு அறிக்கை ஏற்கப்பட்டது. மாநாட்டின் இறுதி ஆவணத்தில் அது இரண்டாம் இணைப்பு. அதே வருடம் டிசம்பர் 4ஆம் திகதி அமரசிங்க காலமானார்.

அடுத்த தலைவர் சிங்கப்பூரின் டொமி கோ. நாங்கள் கராகஸில் எதிரணியாகப் பார்த்த நாட்டின் பிரதிநிதி, எங்கள் தலைவர் விட்ட நாற்காலியில். யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. 1981இல் அமெரிக்காவின் புதிய நிர்வாகம் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்யப் போவதாகச் சொன்னது. 1982 ஏப்ரல் 30ஆம் திகதி, கனவான் உடன்பாட்டின் காலமெல்லாம் கழிந்து, அமெரிக்கா கேட்டதன்படி வாக்கெடுப்பு நடந்தது. அந்த மாநாட்டில் என் கொப்பியைக் கடைசியாக எடுத்தேன். ஆம் 130, இல்லை 4, ஒதுங்கல் 17. எதிர்த்தவை அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, வெனிசுவேலா. கராகஸில் எங்களுக்கு வீடு திறந்துவிட்ட வெனிசுவேலாவே கடைசியில் இல்லை என்றது. பக்கத்து நாடுகளோடு அதற்குக் கடல் எல்லைத் தகராறு இருந்தது. துருக்கிக்கும் அப்படியே. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஊர் முழுவதற்கும் பொதுவான உறுதியைச் சொந்த வேலிக்காகத் தள்ளிவிடுகிறவர்களை அவர் விறாந்தையில் நிறையப் பார்த்தவர்.

1982 டிசம்பர் 10ஆம் திகதி ஜமெய்க்காவின் மொன்டிகோ பேயில் கையொப்பம். முதல் நாளிலேயே 119 ஒப்பங்கள் விழுந்தன. ஃபிஜி கையொப்பத்தோடு ஒப்புதல் பத்திரத்தையும் அன்றே கொடுத்தது. கடற்படுக்கை அதிகாரசபைக்குத் தலைமையகம் கேட்டு மால்டா, ஜமெய்க்கா, ஃபிஜி மூன்றும் போட்டியிட்டதில், அது ஏற்கெனவே ஜமெய்க்காவின் கிங்ஸ்டனுக்கு என்று முடிவாகியிருந்தது. யோசனை மால்டாவுடையது, கட்டடம் ஜமெய்க்காவில்.

ஏழு மாதம் கழித்து, தமிழர் மீதான 1983 ஜூலை வன்முறை வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் என் தங்கையின் வீடு எரிந்த செய்தி தொலைபேசியில் எட்ட மூன்று நாள் ஆனது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதி, அரசாங்கம் சொன்ன இடமெல்லாம் போய், பிற நாட்டு மக்களின் சுயநிர்ணய உரிமைக்காகப் பலமுறை கையைத் தூக்கியவன் நான். ஓகஸ்டில் கிங்ஸ்டனில் அதிகாரசபையின் ஆயத்தக் குழு கூடியபோது இலங்கைப் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு சொல்லும் எழுத ஓடவில்லை. மாலையில் ஓர் ஆபிரிக்க நாட்டுப் பிரதிநிதி வந்து மடித்த காகிதத்தைத் தந்தார். அன்றைய முழுக் குறிப்பும் என் பெயருக்கு. வேறொன்றும் பேசவில்லை. அரசுகளுக்கு இடையிலான ஒற்றுமை பற்றி எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தக் காகிதம் நினைவுக்கு வரும். அது அரசு தந்ததல்ல.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1994 ஜூலையில் நியூயோர்க்கில் ஒரு புதிய உடன்பாடு செய்தார்கள். பணக்கார நாடுகள் உள்ளே வர வசதியாக, கடற்படுக்கை பற்றிய பகுதி அதில் தளர்த்தப்பட்டது. தொழில்நுட்பத்தைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் போனது. தண்ணீருக்கு மேல் வேலி போட்டோம். அடியிலுள்ள முதுசொம் பெயரளவில் பொதுவாயிற்று. அந்த முடிச்சுகளை வணிகத்துக்காக எவரும் இன்னும் அள்ளவில்லை என்பதுதான் ஆறுதல். வங்கக் கடல் விலக்கின்படி இலங்கை தன் கோரிக்கையை 2009 மே மாதம் சமர்ப்பித்தது. சாகோஸ் விஷயத்தில் 2019 மே மாதம் மொரீஷியஸுக்கு ஆதரவாகப் பொதுச்சபையில் 116 நாடுகள் கையைத் தூக்கின; எதிர்த்தவை 6. ஓய்வுபெற்ற வீட்டில் இருந்து அந்த எண்ணிக்கையையும் பழைய கொப்பியில் குறித்தேன். 54 வருடத்துக்கு முன் வெட்டிய எல்லைக்கு வழக்கு இன்னும் நடந்தது.

வெளிநாட்டுச் சேவைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சில வேளை வந்து பேசுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது மூன்று. வாக்கெடுப்பு முடியும்வரை அறையை விட்டு எழும்பாதீர்கள். பக்கத்துக் கதிரைக்காரரின் குறிப்பை உங்கள் குறிப்பைப் போலவே கவனமாக எடுங்கள். எந்த ஒற்றுமைப் பிரகடனத்தையும் கையொப்பத்தோடு நிறுத்திவிடாதீர்கள்; ஒப்புதல் பத்திரம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வர 60 நாடுகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஃபிஜி, ஜமெய்க்கா, கமெரூன், கென்யா, மால்டா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அறுபதாவதாக 1993 நவம்பர் 16இல் கயானா ஒப்புதல் கொடுத்தது. சரியாக ஒரு வருடத்தில் அது உலகின் சட்டமானது. அந்த 60இல் பெரிய வல்லரசு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வருடம் தலைமை நாற்காலியில் தன் பிள்ளையை உட்கார்த்தி வைத்திருந்த இலங்கை ஒப்புதல் கொடுத்தது 1994 ஜூலை 19இல். அந்த அறுபதில் எங்கள் பெயர் இல்லை.